வெறுப்பின் வேர்கள் – ஓர் உளவியல் நோக்கு

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் விலங்கியல்)

முன்னுரை

மனிதனைப் பற்றும் நோய்களுள் உடலைப் பற்றுவன சில. உள்ளத்தைப் பற்றுவன பல. காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் ஓடுகிறோம். ஆனால் உள்ளத்தைப் பற்றும் வெறுப்பை நாம் நோய் என்றே எண்ணுவதில்லை. அதற்கு ஒழுக்கம் என்றும், மானம் என்றும், ஊர்க் கட்டுப்பாடு என்றும் வேறு வேறு பெயர்களைச் சூட்டி வளர்த்து வருகிறோம்.

ஆணை விரும்பும் ஆணையோ, பெண்ணை விரும்பும் பெண்ணையோ பற்றிப் பேச்சு எழுந்தால் நம்மில் பலருக்குச் சிரிப்பு வருகிறது. சிலருக்கு அருவருப்பு வருகிறது. சிலருக்குக் கோபமே வருகிறது. அவர்கள் நமக்கு எந்தத் தீங்கும் செய்தவர்கள் அல்லர். நம் வயலில் வரப்பை வெட்டியவர்கள் அல்லர். பின் ஏன் இந்தக் கோபம்? இவ்வினாவிற்கு உளவியல் தரும் விடைகளை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நான் உளவியல் மாணவன் அல்லன், விலங்கியல் பயில்பவன். என் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள். இத்தலைப்பை நான் எடுத்துக்கொண்டதற்குப் படித்த நூல்கள் மட்டும் காரணமல்ல. நான் செய்த ஒரு தவறும் காரணம். அதை மறைத்துவிட்டு இக்கட்டுரையை எழுதினால் அது பாதிப் பொய்யாகிவிடும். ஆகவே முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

கரும்பலகையில் எழுதிய சொல்

நான் பதினோராம் வகுப்புப் படித்தபோது என் பக்கத்து இருக்கையில் ஒரு மாணவன் இருந்தான். அவன் பெயரையோ ஊரையோ இங்கே எழுதப் போவதில்லை. மென்மையாகப் பேசுவான். கணக்கில் எங்கள் எல்லோரையும்விடக் கெட்டிக்காரன். எனக்கு வராத முக்கோணவியலைச் சாப்பாட்டு இடைவேளையில் சொல்லிக் கொடுத்தவன் அவனே. அவன் நடையையும் பேச்சையும் வைத்து வகுப்பில் அவனுக்கு ஒரு பட்டப் பெயர் உண்டு. நான் அப்பெயரைச் சொன்னதில்லை. ஆனால் மற்றவர் சொல்லும்போது தடுத்ததுமில்லை.

ஒருநாள் கடைசி இருக்கையிலிருந்து ஒருவன், “உங்க ரெண்டு பேருக்கும் எப்படா கல்யாணம்?” என்று என்னைப் பார்த்துக் கேட்டான். வகுப்பே சிரித்தது. மறுநாள் காலை எல்லோருக்கும் முன்னால் நான் பள்ளிக்குச் சென்றேன். சுண்ணாம்புக் கட்டியை எடுத்து, அவன் பெயரைக் கரும்பலகையில் எழுதி, அதன் பக்கத்தில் அந்தப் பட்டப் பெயரையும் எழுதினேன். பிறகு வெளியே போய்விட்டு, மணி அடித்தபின் எல்லோருடனும் சேர்ந்து உள்ளே வந்தேன். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். பாடம் நடத்த வந்த ஆசிரியரும் அதைப் பார்த்துப் புன்னகைத்துவிட்டுத்தான் அழித்தார்.

அவ்வாண்டு முழுப் பரீட்சைக்குப் பிறகு அவன் பள்ளிக்கு வரவில்லை. திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான் என்று கேள்விப்பட்டேன். அவன் உண்மையிலேயே ஆணை விரும்புபவனா, இல்லையா என்பது எனக்கு அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. அவனை அழிக்க அந்த உண்மை தேவைப்படவே இல்லை என்பதைத்தான் பின்னர் புரிந்துகொண்டேன். சொல் ஒன்றே போதுமானதாக இருந்தது.

சொல்லும் பொருளும்

இவ்வெறுப்பை ஆங்கிலத்தில் ‘ஹோமோஃபோபியா’ என்பர். இச்சொல்லை உருவாக்கியவர் ஜார்ஜ் வைன்பர்க் என்னும் அமெரிக்க உளவியலாளர். 1972இல் வெளியான தமது நூலில் அவர் இதனை விரிவாக விளக்கினார். அவருக்கு இவ்வெண்ணம் தோன்றியதற்கு ஒரு பின்னணி உண்டு. படித்துப் பட்டம் பெற்ற உளவியல் வல்லுநர்களே, சிகிச்சை அறைக்கு வெளியே ஒரு தன்பாலீர்ப்பாளர் அருகில் வந்தால் நெளிவதை அவர் 1960களில் கண்டார். அப்படியானால் ஆராயப்பட வேண்டியவர் யார்? விரும்புகிறவரா, அவரைக் கண்டு நெளிகிறவரா? அதுவரை விரும்புகிறவர் பக்கமே திரும்பியிருந்த விளக்கை, வைன்பர்க் வெறுக்கிறவர் பக்கம் திருப்பினார். இதுவே அச்சொல்லின் பெருமை.

‘ஃபோபியா’ என்றால் அச்சம். ஆனால் இது பாம்பைக் கண்டு அஞ்சுவது போன்ற அச்சம் மட்டுமன்று. இதில் வெறுப்பும் ஏளனமும் கலந்துள்ளன. ஆதலின் கிரிகரி ஹெரெக் போன்ற பிற்கால உளவியலாளர்கள் இதனைப் ‘பாலியல் தப்பெண்ணம்’ என்று அழைப்பதே பொருத்தம் என்றனர். சாதியின்மேல், நிறத்தின்மேல், மதத்தின்மேல் மனிதன் கொள்ளும் தப்பெண்ணங்களைப் போன்றதே இதுவும் என்பது அவர்கள் கருத்து.

இங்கு ஒரு தெளிவு தேவை. நம் பகுதி மக்கள் தன்பாலீர்ப்பையும் திருநங்கையரையும் ஒன்றாகவே எண்ணிக் குழப்பிக்கொள்கின்றனர். சித்திரையில் உளுந்தூர்ப்பேட்டைக்கு அப்பால் கூவாகத்தில் கூத்தாண்டவர் திருவிழா நடப்பதை நாம் அறிவோம். அங்கு கூடும் திருநங்கையர், பிறப்பில் ஆணென்று குறிக்கப்பட்டுத் தம்மைப் பெண்ணாக உணர்பவர்கள். ‘நான் யார்’ என்பது அவர்கள் வினா. தன்பாலீர்ப்பாளரின் நிலை வேறு. ஆண் ஆணாகவே இருந்து ஆணை விரும்புகிறான், பெண் பெண்ணாகவே இருந்து பெண்ணை விரும்புகிறாள். ‘நான் யாரை விரும்புகிறேன்’ என்பது அவர்கள் வினா. தமிழகத்தில் 2008இல் திருநங்கையர் நல வாரியம் அமைந்தது. அச்சொல்லும் மரியாதையோடு மக்கள் நாவில் ஏறியது. முன்பு வழங்கிய இழிசொற்களைப் பேருந்தில் உரக்கச் சொல்ல இன்று பலரும் கூசுகின்றனர். ஒரு நல்ல சொல்லுக்கு இருக்கும் ஆற்றலை இதிலிருந்து உணரலாம்.

இது நோயா?

‘அது ஒரு மனநோய், அதனால்தான் வெறுக்கிறோம்’ என்று சிலர் கூறுவர். நோயாளியை வெறுப்பது எந்த ஊர் நியாயம் என்று கேட்கலாம். அது நிற்க, இது நோயே அன்று என்பதற்குச் சான்றுகளைக் காண்போம்.

உளப்பகுப்பாய்வின் தந்தையான சிக்மண்ட் பிராய்டுக்கு, தன் மகனை எண்ணிக் கலங்கிய அமெரிக்கத் தாய் ஒருத்தி கடிதம் எழுதினாள். 1935இல் பிராய்டு எழுதிய பதிலில், இதில் வெட்கப்பட ஏதுமில்லை, இது தீயொழுக்கமும் அன்று, நோய் என வகைப்படுத்தத் தக்கதும் அன்று என்ற கருத்தைத் தெரிவித்தார்.

அடுத்து, எவலின் ஹூக்கர் என்னும் பெண் அறிஞர். அவர் காலம்வரை ஆய்வாளர்கள் சிறையிலும் மனநல மருத்துவமனையிலும் இருந்தோரை மட்டுமே ஆராய்ந்து, ‘தன்பாலீர்ப்பாளர் அனைவரும் மனம் கெட்டவர்கள்’ என்று முடிவு கட்டினர். சிறையிலும் மருத்துவமனையிலும் தேடினால் எந்தக் கூட்டத்தாரும் அப்படித்தான் தோன்றுவர் அல்லவா? ஹூக்கர் வெளியுலகில் இயல்பாக வாழ்ந்துவந்த தன்பாலீர்ப்பு ஆண்கள் 30 பேரையும், மற்ற ஆண்கள் 30 பேரையும் தேர்ந்தெடுத்தார். அவர்களுக்கு உளவியல் சோதனைகள் நடத்தி, யாருடையது எது என்று சொல்லாமல் விடைகளைப் புகழ்பெற்ற வல்லுநர்களிடம் கொடுத்தார். வல்லுநர்களால் இரு கூட்டத்தாரையும் பிரித்தறிய முடியவில்லை. 1957இல் வெளியான இவ்வாய்வு ஒரு திருப்புமுனையாகும்.

1973 டிசம்பரில் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்க முடிவு செய்தது. 1990 மே 17 அன்று உலக சுகாதார நிறுவனமும் அவ்வாறே செய்தது. 2018இல் இந்திய மனநல மருத்துவர் சங்கமும் இது நோய் அன்று என அறிவித்தது. நோய் அன்று என்றால், அதைக் கண்டு நமக்குள் எழும் கொதிப்பு எங்கிருந்து வருகிறது? இனி வேர்களைத் தோண்டிப் பார்ப்போம்.

முதல் வேர்: தன்னையும் சேர்த்து எண்ணிவிடுவார்களோ என்னும் அச்சம்

ஹெரெக் 1980களில் ஒரு முக்கியமான கேள்வியை எழுப்பினார். இவ்வெறுப்பால் வெறுப்பவனுக்குக் கிடைக்கும் பயன் என்ன? அவர் கண்ட விடைகளுள் ஒன்று, கூட்டத்தின் ஒப்புதல். ‘நான் உங்களைச் சேர்ந்தவன்’ என்று தன் கூட்டத்துக்கு மெய்ப்பித்துக் காட்ட ஒருவன் இன்னொருவனை வெறுக்கிறான்.

பதினாறு, பதினேழு வயதில் ‘நீ ஆம்பளையா?’ என்ற கேள்வி ஒவ்வொரு பையனையும் துரத்துகிறது. அழக்கூடாது, மெதுவாக நடக்கக்கூடாது, கோலம் போடத் தெரிந்திருந்தாலும் காட்டிக்கொள்ளக்கூடாது. இத்தேர்வில் தேறுவதற்கு மிக எளிய வழி, தேறாதவன் ஒருவனைச் சுட்டிக் காட்டுவதே. நம் திரைப்படங்களில் எத்தனையோ நகைச்சுவைக் காட்சிகள் இதையே நமக்குப் பாடமாக நடத்தியிருக்கின்றன. நடை மென்மையான ஒருவன் வருவான், கதாநாயகன் விலகி ஓடுவான், கொட்டகை சிரிக்கும்.

கரும்பலகையில் நான் எழுதியது இந்த வேரின் காய். அவன்மேல் எனக்குக் கடுகளவும் பகையில்லை. ‘உங்க ரெண்டு பேருக்கும்’ என்ற சொல்லிலிருந்து என்னை மட்டும் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. அதற்காக அவனைத் தள்ளிவிட்டேன்.

இரண்டாம் வேர்: ஊர் என்ன சொல்லும்?

என் தாத்தா செம்மறி ஆடு வளர்த்தவர். கோடையில் கிடை போடுவதற்காகக் காடு காடாகச் செல்வார். நான் சிறுவனாக இருந்தபோது அவருடன் கிடைக்காவலுக்குப் போவதுண்டு. மந்தையில் ஒரு கிடா, பெட்டை ஆடுகளை ஏறெடுத்தும் பாராமல் இன்னொரு கிடாவின் பின்னாலேயே சுற்றிவரும். “ஏன் தாத்தா இது இப்படி?” என்று கேட்டேன். “சில கிடா அப்படித்தான்டா தம்பி. நாலஞ்சு மந்தை பார்த்தவனுக்குத் தெரியும்” என்று சொல்லிவிட்டுப் பீடியைப் பற்ற வைத்துக்கொண்டார். அவ்வளவே.

இதே செய்தியைப் பின்னர் விலங்கியல் ஆய்வுகளில் படித்து வியந்தேன். அமெரிக்காவில் சார்லஸ் ரோசெல்லி குழுவினர் செம்மறிக் கிடாக்களை ஆராய்ந்து, அவற்றுள் சுமார் 8 விழுக்காடு கிடாக்கள் கிடாக்களையே நாடுகின்றன என்று எழுதியுள்ளனர். எழுதப் படிக்கத் தெரியாத என் தாத்தா இதைத் தம் கண்ணாலேயே கண்டிருந்தார்.

சென்ற ஆண்டு அதே தாத்தாவிடம், “மனுஷங்கள்லயும் அப்படி இருப்பாங்க இல்ல தாத்தா?” என்று கேட்டேன். அவர் முகம் சிவந்துவிட்டது. “படிக்கப் போன இடத்துல இதத்தான் சொல்லிக் கொடுக்கிறாங்களா?” என்று எழுந்து போய்விட்டார். சற்று நேரம் கழித்து அவராகவே வந்து உட்கார்ந்து, “ஆட்டுக்கு யாருடா பொண்ணு பார்க்கப் போறா? பத்திரிகை அடிக்கணுமா, பந்தி போடணுமா? மனுஷன்னா ஊருக்குப் பதில் சொல்லணும்டா” என்றார்.

தோழர்களே, எந்த நூலிலும் இவ்வளவு தெளிவான விளக்கத்தை நான் படித்ததில்லை. ஆட்டைப் பற்றிக் கேட்டபோது வராத கோபம், மனிதனைப் பற்றிக் கேட்டபோது வந்தது. ஆகவே கோபத்தின் காரணம் அச்செயலில் இல்லை, ஊரில் இருக்கிறது. நம் ஊர்ப்புறங்களில் திருமணம் என்பது இருவர் சேர்வது மட்டுமன்று. அது சாதியைக் காப்பது, சொத்தைக் காப்பது, பங்காளி முறை, மாமன் முறைகளைக் காப்பது, வம்சத்தை வளர்ப்பது. வேறு சாதியில் மணந்தவர்களையே வெட்டிச் சாய்க்கும் செய்திகளை இன்னும் நாளேட்டில் படிக்கிறோம். இந்தக் கட்டமைப்பிற்குள் அடங்காத எந்த அன்பும் பெரியவர்களுக்கு அச்சமூட்டுகிறது. அந்த அச்சமே கோபமாக வெளிவருகிறது.

ஒன்றை இங்கே மறவாமல் சொல்ல வேண்டும். விலங்குகளிடம் இருப்பதால் மட்டும் ஒரு செயல் மனிதனுக்கு நியாயமாகிவிடாது. ‘இயற்கைக்கு மாறானது’ என்ற வாதத்துக்கு மட்டுமே என் தாத்தாவின் கிடா விடை. மனித உரிமை மனித மாண்பிலிருந்து வருவது. ஆட்டு மந்தையிலிருந்து வருவதன்று.

மூன்றாம் வேர்: அதிகாரத்தின் குரல்

சட்டமும் மருத்துவமும் பாடநூலும் ஒன்றைத் தவறு என்று சொன்னால், மனிதன் தானாக எண்ணிப் பார்ப்பதை நிறுத்திவிடுகிறான். இந்தியாவில் அந்தக் குரலாக இருந்தது 377ஆம் பிரிவு. ஆங்கிலேயர் 1860இல் இயற்றிய தண்டனைச் சட்டத்தில் இது இடம்பெற்றது. தன்பாலீர்ப்பு மேல்நாட்டுப் பழக்கம் என்று மேடைகளில் முழங்குவோர் உண்டு. மேல்நாட்டிலிருந்து கப்பலேறி வந்தது அதைத் தண்டிக்கும் இச்சட்டமே. அதைத் தந்த இங்கிலாந்து, 1967இல் தன் மண்ணில், வயதுவந்த ஆண்கள் இருவர் தனிமையில் மனமொத்து வாழ்வது குற்றமன்று எனத் திருத்திக்கொண்டது. நாமோ அதற்குப் பின்னும் அரை நூற்றாண்டு அதைக் கட்டிக்காத்தோம்.

2009இல் தில்லி உயர் நீதிமன்றம் அப்பிரிவைத் தளர்த்தியது; 2013இல் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. இறுதியாக 2018 செப்டம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு, வயதுவந்தோர் மனமொத்து வாழ்வது குற்றமன்று என ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. இம்மக்களுக்கு வரலாறு மன்னிப்புக் கேட்கக் கடமைப்பட்டுள்ளது என்று நீதிபதி இந்து மல்கோத்ரா தம் தீர்ப்பில் எழுதினார். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் அப்பிரிவே இல்லை. எனினும் தன்பாலினத் திருமணத்தை ஏற்க 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது.

சட்டம் போனாலும் அதன் நிழல் போய்விடவில்லை. 2024 ஆகஸ்டு இறுதியில் தேசிய மருத்துவ ஆணையம் வெளியிட்ட மருத்துவப் பாடத்திட்டத்தில், பெண்ணைப் பெண் விரும்புவது இயற்கைக்கு மாறான பாலியல் குற்றங்களின் வரிசையில் மீண்டும் இடம்பெற்றது. எதிர்ப்பு எழுந்தபின் சில நாட்களிலேயே அது திரும்பப் பெறப்பட்டது. மருத்துவம் பயில்வோரின் பாடத்திலேயே இப்படியென்றால், என் தாத்தாவை மட்டும் குறை சொல்வது எப்படி?

நான்காம் வேர்: தன்னுள் மறைத்தல்

தன்னிடம் உள்ளதைப் பிறரிடம் கண்டு வெறுப்பது மனித மனத்தின் இயல்புகளுள் ஒன்று என்று உளப்பகுப்பாய்வாளர் கூறுவர். 1996இல் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் ஹென்றி ஆடம்ஸ் குழுவினர் 64 ஆண்களைக் கொண்டு இதனைச் சோதித்தனர். தன்பாலீர்ப்பாளரைக் கடுமையாக வெறுப்பதாகச் சொன்ன ஆண்களிடமே, ஆண்களின் சேர்க்கையைக் காட்டும் படங்களுக்கு உடற்கிளர்ச்சி தென்பட்டதாக அவர்கள் எழுதினர். இது பரவலாகப் பேசப்பட்ட ஆய்வு. ஆனால் அக்கிளர்ச்சி பதற்றத்தாலும் எழுந்திருக்கலாம் என்பதை அவர்களே ஒப்புக்கொண்டுள்ளனர். ஆகவே ‘வெறுப்பவர் எல்லாம் உள்ளுக்குள் அப்படிப்பட்டவரே’ என்று முடிவு கட்டுவது தவறு. அவ்வாறு கேலி செய்வதும் அதே இழிசொல்லை வேறு ஒருவர்மேல் எறிவதாகவே முடியும். வெறுப்பவருள் பெரும்பாலோர் என்னைப் போன்றவர்கள், கூட்டத்துக்கு அஞ்சியவர்கள்.

வேரைக் களைதல்: ஒரு நீதிபதி காட்டிய வழி

இவ்வெறுப்பு பிறவியில் வருவதன்று, கற்றுக்கொண்டது என்று கண்டோம். கற்றதை மறக்கவும் முடியுமா? முடியும் என்பதற்கு நம் தமிழகத்திலேயே ஒரு சான்று உண்டு.

2021இல் மதுரையைச் சேர்ந்த இளம்பெண்கள் இருவர், ஒருவரையொருவர் விரும்பி, வீட்டாரின் எதிர்ப்புக்கு அஞ்சிச் சென்னைக்கு வந்தனர். பெற்றோர் ‘பெண்ணைக் காணவில்லை’ என்று காவல் நிலையத்தில் புகார் கொடுத்தனர். காவல்துறையின் தொல்லையிலிருந்து காக்க வேண்டி அப்பெண்கள் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினர். வழக்கு நீதிபதி ந. ஆனந்த் வெங்கடேஷ் முன் வந்தது.

நீதிபதி உடனே தீர்ப்புக் கூறிவிடவில்லை. இவ்விஷயத்தில் தாமும் முழு விழிப்புப் பெற்றவர் அல்லர் என்று வெளிப்படையாகவே பதிவு செய்தார். இரு பெண்களையும் பெற்றோரையும் உளவியலாளர் ஒருவரிடம் அனுப்பினார். பெற்றோரின் கவலைகளை அறிக்கை எடுத்துரைத்தது: சமுதாயம் என்ன சொல்லும், பிள்ளைகளின் பாதுகாப்பு என்ன ஆகும், வம்சம் என்ன ஆகும் என்பனவே அவை. என் தாத்தா திண்ணையில் சொன்னதும் இதுவே அல்லவா?

அதன்பின் நீதிபதி செய்ததுதான் வியப்புக்குரியது. தீர்ப்பு எழுதுமுன் தாமே அந்த உளவியலாளரிடம் ஒரு மாணவரைப் போல் அமர்ந்து பாடம் கேட்டார். தன்பாலீர்ப்பாளரைப் பற்றித் தாம் கொண்டிருந்த எண்ணங்கள் அறியாமையால் வந்தவை என்பதை 2021 ஜூன் 7 அன்று வழங்கிய ஆணையில் ஒப்புக்கொண்டார். தாமும் பெரும்பாலோரைப் போலவே பொதுவான எண்ணங்களோடு வளர்ந்தவர் என்றும், அறியாமை ஒருபோதும் பாகுபாட்டுக்கு நியாயமாகாது என்றும் அவர் கருத்துத் தெரிவித்தார்.

அவ்வாணையில், காணவில்லை என்ற புகாரை விசாரிக்கும்போது அவர்கள் வயதுவந்தோர், மனமொத்து வாழ்பவர் எனத் தெரிந்தால், தொல்லை கொடுக்காமல் புகாரை முடித்துவிட வேண்டும் என்றார். ‘மாற்றிக் காட்டுகிறோம்’ என்று சொல்லி நடத்தப்படும் சிகிச்சைகளைத் தடை செய்தார். காவலர், நீதிபதிகள், ஆசிரியர், பெற்றோர் ஆகியோர்க்கு விழிப்புணர்வு வகுப்புகள் நடத்தச் சொன்னார். இதன் தொடர்ச்சியாக 2022இல் தமிழகக் காவலர் நடத்தை விதிகள் திருத்தப்பட்டு, இம்மக்களைத் துன்புறுத்துவது தடுக்கப்பட்டது. அவ்வாண்டே மாற்றுச் சிகிச்சை மருத்துவரின் தொழில் ஒழுக்கக் கேடு எனவும் அறிவிக்கப்பட்டது. இழிசொற்களுக்கு மாற்றான தமிழ்ச் சொற்களின் பட்டியலையும் அரசு வெளியிட்டது.

அந்நீதிபதிக்கு நேர்ந்த மாற்றத்தை விளக்கும் ஓர் உளவியல் கொள்கை உண்டு. கோர்டன் ஆல்போர்ட் 1954இல் எழுதிய ‘தப்பெண்ணத்தின் இயல்பு’ என்னும் நூலில், இரு கூட்டத்தார் சமநிலையில் பழகினால், அதற்கு மேலோரின் ஆதரவும் இருந்தால், தப்பெண்ணம் குறையும் என்றார். 2006இல் பெட்டிகுரூ, டிராப் என்னும் இருவர் இக்கருத்தைச் சோதித்த 515 ஆய்வுகளைத் தொகுத்து, பழக்கம் தப்பெண்ணத்தைக் குறைக்கிறது என்று காட்டினர்.

நம் அரியலூர் மண்ணிலேயே இதற்கு ஓர் உவமை உண்டு. இப்பகுதி கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலாக இருந்தது என்று நான் சொன்னபோது என் அப்பாயி நம்பவில்லை. “வெங்காயம் வெளையிற பூமியில ஏதுடா கடலு?” என்று சிரித்தார். ஓடைக்கரையில் பொறுக்கிய கல்லாகிப்போன சிப்பி ஒன்றை அவர் கையில் வைத்தேன். நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இருக்கும்டா” என்றார். வாதம் செய்யாததைக் கையில் வைத்த சிப்பி செய்தது. மனிதரை அறிவதும் அவ்வாறே. பெயரும் முகமும் உள்ள ஒருவரை அறிந்தபின் அவரைப் பட்டப் பெயரால் அழைப்பது கடினம். என்னிலும் அந்த அறிவு தோன்றியிருக்க வேண்டும். ஏனெனில் நான் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஆனால் மேலோரின் ஆதரவு வேண்டும் என்றார் ஆல்போர்ட். அன்று ஆசிரியரின் புன்னகை எங்கள் பக்கம் இருந்தது.

முடிவுரை

சென்ற பொங்கல் விடுமுறையில் பெரம்பலூர்ப் பேருந்து நிலையத்தில் அவனைப் பார்த்தேன். திருப்பூரிலிருந்து வந்திருந்தான். தேநீர் குடித்தோம். வேலையைப் பற்றியும் கூலியைப் பற்றியும் பேசினான். நான் பலமுறை மனத்துக்குள் ஒத்திகை பார்த்திருந்ததைச் சொன்னேன்: “அன்னைக்கு போர்டுல எழுதுனது நான்தான்டா.”

அவன் தேநீரை ஆற்றிக்கொண்டே, “தெரியும்டா. ஒரு வருஷம் உன் பக்கத்துல உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கேன். உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா?” என்றான்.

எனக்குப் பேச்சு வரவில்லை. அன்றே அறிந்தும் அவன் எவரிடமும் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. “மலருக்கு இதப் பத்தி எழுதட்டுமா?” என்று கேட்டேன். “எழுது. என் பேரு போடாத” என்றான். பிறகு, “திரும்பப் படிக்கலாமா என்று யோசிக்கிறேன், தனித்தேர்வு எழுதுவது எப்படி என்று கேட்டுச் சொல்” என்றான். கேட்டுச் சொல்லியிருக்கிறேன்.

தோழர்களே, ஆசிரியப் பெருமக்களே! வெறுப்பின் வேர் வெறுக்கப்படுபவனிடம் இல்லை. வெறுப்பவனின் அச்சத்தில் இருக்கிறது என்பதே இக்கட்டுரையால் நான் கண்ட உண்மை. சிகிச்சையும் அங்கேதான் தேவை. அதற்குப் பெரிய மேடையோ இயக்கமோ முதலில் வேண்டியதில்லை. விடுதியில் ஒருவனுக்குப் பட்டப் பெயர் சூட்டும்போது சிரிக்காமல் இருப்பது போதும். வகுப்பில் கரும்பலகையில் அப்படி ஒரு சொல் எழுதப்பட்டிருந்தால், அதைப் புன்னகையின்றி அழித்துவிட்டு, ‘இது தவறு’ என்று ஓர் ஆசிரியர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரே ‘எனக்குத் தெரியாது, கற்றுக்கொள்கிறேன்’ என்று சொல்ல வெட்கப்படவில்லை. கற்பதற்காகவே கல்லூரிக்கு வந்திருக்கும் நாம் வெட்கப்படலாமா?